கார்டு இல்லாத அரை மணி நேரம்

போன் அடித்தபோது ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஒரு கல்யாண ஆல்பத்துக்குப் படம் பிரித்துக்கொண்டிருந்தேன். திரையில் "நாசமாப் போறவன்" என்று வந்தது. அந்த நம்பரை அந்தப் பெயரில் நான் ஏற்றி வைத்து ஐந்து வருஷம் ஆகிறது. அதிலிருந்து எனக்கு ஒரு அழைப்பு வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

"அக்கா, வணக்கம். கேமராவுக்குக் கூச்சப்படுற ஜோடிகள நீங்க நல்லா எடுப்பீங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஆனி கடைசியில நிச்சயம். பொண்ணு திருவாடானை. போட்டோன்னாலே மூஞ்சியத் திருப்பிக்கிறாங்க. எனக்கும் சிரிச்சா கேமராவுக்கு ஒத்துவராது. நீங்கதான் எப்படியாச்சும் இயல்பா எடுத்துக் குடுக்கணும்."

"பேரு என்ன தம்பி?"

"வினோத்குமாருங்கக்கா. சென்னையில ஐ.டி. கம்பெனியில இருக்கேன்."

பேர் எனக்குத் தெரியாமலா? அவன் வாயாலேயே வரட்டும் என்று கேட்டேன். என் குரல் அவனுக்குத் தெரியாது, என் முகமும் தெரியாது. என் தங்கச்சியைப் பெண் பார்க்க அவன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று நான் இராமேஸ்வரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் படம் எடுக்கப் போயிருந்தேன். பெண்ணுக்கு ஒரு அக்கா, அவள் பரமக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள் என்பது மட்டும்தான் அவன் வீட்டுக்குத் தெரியும். என் பெயரைக்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

தங்கச்சி பேர் வீரலட்சுமி. ஜாதகத்தோடு கொடுத்த போட்டோவை நான்தான் எடுத்தேன். கன்னத்தில் இருந்த பருத் தழும்பைக் கொஞ்சம் மழுப்பினேன். எல்லா ஸ்டூடியோவிலும் செய்கிற வேலைதான், ஆனாலும் செய்தது நான். இவன் வந்தான், கேசரியும் பஜ்ஜியும் தின்றான், "போய்ச் சொல்றோம்" என்று போனான். சாயங்காலம் சாதிசனம் இருக்கிற அத்தனை வாட்ஸ்அப் குரூப்பிலும் அவன் நம்பரிலிருந்து கிளம்பி ஒரு படம் சுற்றியது. இடது பக்கம் நான் எடுத்த போட்டோ. வலது பக்கம், காபித் தட்டோடு குனிந்து நிற்கிற வீராவை இவன் செல்போனில் தெரியாமல் எடுத்தது. கீழே, "போட்டோவில் ஒன்று, நேரில் ஒன்று. மாப்பிள்ளை வீட்டாரே உஷார்" என்று எழுதி, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மைகள் நாலு.

அது வீரா வேலை பார்த்த ஆஸ்பத்திரி வரைக்கும் போனது. மூன்று மாசம் அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு நல்ல இடத்தில் கல்யாணமாகி, ஒரு பெண் குழந்தையும் இருக்கிறது. ஆனால் கேமராவைக் கண்டால் அவள் கை தானாக மேலே எழும்பி முகத்தை மறைக்கும். அவள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படங்களில் மாலைதான் இருக்கிறது. பிள்ளையோடு அவள் இருக்கிற படம் ஒன்றுகூடக் கிடையாது. எடுக்கிற தொழிலில் நான் இருக்கிறேன், என் வீட்டில் ஒன்று கிடையாது.

பரமக்குடியில் என் ஸ்டூடியோவும் படுத்தது. "அங்க போகாத, அவ ஏமாத்துவா" என்று பேச்சு. இராமநாதபுரத்துக்கு வந்து, பூச்சு மெழுகு எதுவும் இல்லாமல் இருக்கிறதை இருக்கிறபடி எடுப்பது என்று புதிதாக ஆரம்பித்தேன். அதற்குத் தேடி வந்தவர்கள் பெரும்பாலும் கூச்சக்காரர்கள்தான். அவர்களை எடுக்கப் பழகியதில் அதுவே என் தொழிலாகிவிட்டது.

கூச்சக்காரர்களிடம் "சிரிங்க" என்று சொல்லக் கூடாது. சொன்னால் பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். முதலில் ரெண்டு பேரிடமும் தனித்தனியாகப் போனில் பேசுவேன். எதை மறைக்கப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துகொள்வேன். எல்லோரும் எதையாவது மறைப்பார்கள். பல், தொப்பை, நெற்றி. அதற்குத் தகுந்த மாதிரி இடமும் நேரமும் பார்ப்பேன். செருப்பைக் கழற்றச் சொல்வேன். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் பாதிப் பேர் விறைத்து நிற்பார்கள், அதனால் கைக்கு ஒரு வேலை கொடுப்பேன். நுங்கைக் கொடுத்து நோண்டித் தின்னச் சொன்னால் எப்பேர்ப்பட்டவருக்கும் போஸ் மறந்துபோகும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கார்டு இல்லாத அரை மணி நேரம். கேமராவைத் திறந்து, படம் பதிகிற கார்டைக் கழற்றி, ஜோடியின் கையிலேயே கொடுத்துவிடுவேன். "இந்த அரை மணி நேரம் நான் சும்மா அமுக்கிக்கிட்டே இருப்பேன். ஒண்ணும் பதியாது. நீங்க பாட்டுக்குப் பேசுங்க, சண்ட போடுங்க, மூக்க நோண்டுங்க" என்பேன். கேமரா சத்தம் பழகிப் போகும். அதற்கப்புறம் கார்டை வாங்கிப் போட்டு எடுத்தால் படம் தானாக வரும். என் கேமராவில் கார்டு போட ரெண்டு இடம் உண்டு, ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்பதற்காக. ரெண்டையும் கழற்றித்தான் கொடுப்பேன். ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட நான் அதில் ஏமாற்றியதில்லை. ஊரில் என் பேர் நிற்பதே அந்த வாக்கில்தான்.

வினோத்குமாரிடம் மறுநாள் பேசினேன். எதை மறைக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டதும் ரொம்ப நேரம் சுற்றி வளைத்து, "முடிதாங்கக்கா, உச்சியில கொஞ்சம் கொட்டிருச்சு. காத்தடிச்சா தெரியுது" என்றான். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

அப்போதே இடத்தை முடிவு செய்தேன். வழக்கமாகக் கூச்சக்காரர்களைப் பாம்பனுக்கு வடக்கே, ஆனி மாசத்தில் தண்ணீர் குளம் மாதிரி கிடக்கிற கரைக்குக் கூட்டிப் போவேன். இவனுக்கு வாலிநோக்கம் உப்பளம். கச்சான் காற்று மண்ணை வாரி அடிக்கிற காலம். அதோடு, உப்பு வெள்ளையில் பட்டு வெயில் கீழேயிருந்தும் மேலே அடிக்கும், முகத்தில் எதையும் ஒளிக்க முடியாது. நல்ல படம் வேண்டுமென்றால் யாரும் அங்கே ஒன்பது மணிக்குப் போக மாட்டார்கள். நான் ஒன்பது மணிக்கு வரச் சொன்னேன்.

பிறகு பெண்ணிடம் பேசினேன். பேர் பானுப்பிரியா, ஆரம்பப் பள்ளிக்கூட டீச்சர். குரலே பாதிதான் வெளியே வந்தது.

"அக்கா, கழுத்து தெரியாம எடுத்திருவீங்களா?"

"ஏம்மா?"

"சும்மாதான். துப்பட்டாவச் சுத்திப் போட்டுக்கிட்டு வாரேன். அப்படியே எடுத்திருங்கக்கா."

கேட்ட விதமே எனக்குச் சங்கடமாக இருந்தது. உப்பளத்தை மாற்றிவிடலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். வீராவின் ஆல்பம் ஞாபகம் வந்தது. மாற்றவில்லை.

போகிற அன்றைக்குக் காலையில், ரெண்டு கார்டையும் கேமராவில் போடும்போதே எனக்குத் தெரியும், ஒன்றை மட்டும்தான் கழற்றப் போகிறேன் என்று. அவன் வாயைக் கிண்டிவிட வேண்டும். அவன் கேவலமாக ஏதாவது சொல்லி இளிக்கும்போது எடுத்துவிட வேண்டும். எடுத்த படத்தை, அவன் எங்கெங்கே போட்டானோ அங்கெல்லாம் போட வேண்டும். என்ன படம் வரும் என்று தெரியாது. ஏதோ ஒன்று சிக்காமலா போகும்?

உப்பளத்து மேஸ்திரி தவசி எனக்குப் பழக்கம். வேலை முடிந்து ஆட்கள் ஏறிப்போன பாத்திப் பக்கம் எங்களை விட்டார். ரெண்டு பேரும் வந்தார்கள். அவன் முடியில் ஏதோ பசையைத் தடவி முன்பக்கமாக ஒட்டி வைத்திருந்தான். காற்று ஒரே தட்டில் அதைத் தூக்கி மூடி மாதிரி நிறுத்தியது. கையால் அமுக்கிக்கொண்டே நின்றான். அவள் மாநிறம், நல்ல உயரம், கண்ணில் தெளிவு. கழுத்தைச் சுற்றி நீலத் துப்பட்டாவை ரெண்டு சுற்றுச் சுற்றியிருந்தாள்.

கேமராவின் மூடியைத் திறந்தேன். ஒரு கார்டைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தேன். "பிடிச்சுக்கம்மா. இது உன் கையில இருக்குற வரைக்கும் எதுவும் பதியாது." என் வாய் கூசவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

நுங்கைக் கொடுத்து உப்புக் குவியல் பக்கம் உட்கார வைத்தேன். சும்மா அமுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தேன்.

"இதுக்கு முன்னாடி எத்தன பொண்ணு பாத்தீங்க தம்பி?"

"அது ஆச்சுங்கக்கா, ஏழெட்டு."

"சிரிக்கிற மாதிரி ஒண்ணும் நடக்கலையா?"

அவ்வளவுதான், அவிழ்த்துவிட்டான். "பரமக்குடியில ஒண்ணு பாத்தோம்க்கா. போட்டோவுல பாத்தா மகாலட்சுமி. நேர்ல போனா மூஞ்சியெல்லாம் அம்மி கொத்துன மாதிரி. அவ அக்காக்காரி போட்டோ ஸ்டூடியோ வச்சிருக்கா, அவ பாத்த வேல. நான் விடுவனா? ரெண்டையும் சேத்துப் போட்டு எல்லா குரூப்புலயும் தட்டிவிட்டேன். ஒரு வாரம் ஊரே சிரிச்சுச்சு." சொல்லிவிட்டு அவன் சிரித்தான். கேமராவுக்குச் சிரிப்பே வராது என்றவன், ஈறு தெரிய, கண் இடுங்க, மனசாரச் சிரித்தான். அதற்கு முன்னும் பின்னும் அவன் அப்படி இயல்பாகச் சிரித்து நான் பார்க்கவில்லை. என் விரல் அமுக்கிக்கொண்டே இருந்தது. கேமராவை அவன் மண்டையில் போட்டிருப்பேன், வாங்கின கடன் இன்னும் அடையாத கேமரா என்பதால் போடவில்லை.

பானுப்பிரியா சிரிக்கவில்லை. கையிலிருந்த நுங்கைக் கீழே வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நிக்கிறீங்களா? இவருகிட்ட ஒண்ணு பேசணும்" என்றாள்.

வரப்போடு நாற்பது அடி தள்ளிப் போனேன். தூரத்தை இழுக்கிற லென்ஸ்தான் மாட்டியிருந்தேன். அவள் பேசுவது காற்றோடு துண்டு துண்டாகக் கேட்டது. "...போன்ல சொன்னேன்ல... நீங்க பெருசில்லன்னு சொன்னீங்க... ஆனா பாக்கல... நிச்சயத்துக்கு முன்னாடி பாத்துருங்க." துப்பட்டாவை அவிழ்த்தாள். கழுத்தில், காதுக்குக் கீழேயிருந்து தோள் வரைக்கும், வெண்புள்ளி திட்டுத் திட்டாகப் படர்ந்திருந்தது. அவன் கையைப் பிடித்துத் தானே அதன்மேல் வைத்தாள். வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கார்டு இருந்த இன்னொரு கை இறுக மூடியிருந்தது.

நான் அமுக்கினேன்.

மத்தியானம் ஸ்டூடியோவுக்கு வந்து, லேப்டாப்பில் போட்டுப் பார்த்தேன். ஏழெட்டு நொடியில் நாலு படம். முதல் படத்தில் அவன் விரல் அவள் கழுத்தில் இருக்கிறது, அவள் குனிந்திருக்கிறாள், உதட்டில் கூச்சத்தோடு ஒரு சின்னச் சிரிப்பு. ரெண்டாவதில் அவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, முகத்தை ஒரு பக்கம் திருப்பி, மூக்கைச் சுளித்திருக்கிறான், செத்த எலியை மிதித்தவன் மாதிரி. மூன்றாவதில் கைக்குட்டையை எடுத்து விரலைத் துடைக்கிறான். நாலாவதில் அவள் தலை நிமிர்ந்துவிட்டது. அவன் அவளைப் பார்த்து அன்பாகப் புன்னகைக்கிறான். கைக்குட்டை பாதி பைக்குள் போய்விட்டது.

அவள் குனிந்திருந்த அந்த நேரத்தில் நடந்தது அவளுக்குத் தெரியாது. உலகத்திலேயே எனக்கு மட்டும்தான் தெரியும். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்று கை தட்டினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெண் பாவம் என்ற எண்ணம் எனக்கு ரெண்டாவதாகத்தான் வந்தது. 'மாட்டுனியா மவனே' என்பதுதான் முதலில்.

படத்தைக் குரூப்பில் போட உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவள் கழுத்தோடுதான் படம். அவள் கழுத்தை மறைத்தால் படத்தில் விஷயமே இல்லை. அவனை மட்டும் வெட்டி எடுத்தேன், சாக்கடை நாற்றத்துக்கு மூக்கைச் சுளிக்கிறவன் மாதிரி இருந்தது. அவன் பரமக்குடிக் கதை சொல்லிச் சிரித்த படத்தை எடுத்துப் பார்த்தால், நல்ல சந்தோஷமான மாப்பிள்ளை. போட்டோவில் பேச்சு பதியாதே. அவனை மாட்டிவிட வேண்டுமென்றால் அவளையும் சேர்த்துத்தான் சந்தியில் நிறுத்த வேண்டும்.

வீராவுக்குப் போன் போட்டேன். படத்தைப் பற்றி மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் குதிப்பாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொண்ணுக்கு நீ எடுத்தது தெரியுமாக்கா?"

"தெரியாது. அதான் விஷயமே."

"அன்னைக்கு நான் காபித் தட்டோட நின்னப்ப எனக்கும் தெரியாதுக்கா" என்றாள். பிள்ளை அழுகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

எனக்குச் சரியான கோபம். யாருக்காக இதையெல்லாம் செய்கிறேன்? ஆனால் போட்டுவிட முடியவில்லை. கை போகவில்லை. ரெண்டு நாள் அந்த நாலு படத்தையும் திறப்பதும் மூடுவதுமாகக் கிடந்தேன். விட்டுவிட்டால் அவன் அவளைக் கட்டிக்கொண்டு வாழ்நாளெல்லாம் கைக்குட்டையில் துடைப்பான். மூன்றாம் நாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு திருவாடானைக்குப் பஸ் ஏறினேன். படத்தை அவளிடமே காட்டிவிடுவது, அப்புறம் அவள் பாடு என்று முடிவு.

மற்ற படங்களைக் காட்ட வந்ததாகச் சொன்னேன், பானுப்பிரியா மாடிக்குக் கூட்டிப் போனாள். நாலு படத்தையும் வரிசையாக வைத்தேன். என் தங்கச்சி யார், அவன் சொன்ன பரமக்குடிக் கதை யாருடையது, நான் எதற்காக அப்படிச் செய்தேன், எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முதலில் அவனைப் பார்க்கவில்லை. தன் கழுத்தைத்தான் பார்த்தாள். முகம் வெளிறிப்போனது.

"கார்டு என் கைக்குள்ளதான இருந்துச்சு?"

"இன்னொண்ணு உள்ள இருந்துச்சும்மா."

"எங்க அம்மாவத் தவிர யாருகிட்டயும் இதக் காட்டுனதில்லக்கா. உங்க வாக்க நம்பித்தான் அந்தத் துப்பட்டாவ அவுத்தேன். வீட்டுல காட்டியிருக்கலாம், வேற எங்கிட்டாவது காட்டியிருக்கலாம். கேமரா முன்னாடியே இருந்தும் பயமில்லாம இருந்துச்சு. முதத் தடவையா பயமில்லாம இருந்துச்சு. அதுவும் பொய்யி."

"தப்புதான்மா."

"தப்புன்னு சொல்லிட்டா?" என்றாள். பிறகு ரெண்டாவது படத்தைப் பெரிதாக்கினாள். அவன் மூக்குச் சுளிப்பை ரொம்ப நேரம் பார்த்தாள். மூன்றாவதில் கைக்குட்டை. நாலாவதில் புன்னகை. அந்தப் புன்னகையில்தான் அவளுக்குக் கண் நிறைந்தது. "இதப் பாத்துத்தான்க்கா, நல்ல மனுசன்னு எங்க அய்யாகிட்ட வந்து சொன்னேன்."

கல்யாணத்தை நிறுத்திவிடு என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"நிறுத்துனா என்ன பேசுவாங்கன்னு தெரியாதா உங்களுக்கு? பொண்ணுக்குக் கழுத்துல வெள்ளையாம், மாப்ள வேணாம்னுட்டாராம்னு பேசுவாங்க. அவரே குரூப்புல போட்டாலும் போடுவாரு, பழக்கந்தான." அந்தப் படங்கள் பதிந்திருந்த கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். என் லேப்டாப்பில் இருந்ததை அவள் கண் முன்னாலேயே அழிக்கச் சொன்னாள். அழித்தேன். "நிச்சயத்துக்குப் படம் எடுக்க வந்துருங்க. ஏழு மணிக்கெல்லாம் மகால்ல இருக்கணும்" என்றாள். அவ்வளவுதானா என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பொறுத்துப் போகப் போகிறாள், நம் பெண்கள் எல்லோரும் இப்படித்தான் என்று பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தேன்.

நிச்சயத்தன்று மகால் வாசலுக்கு நான் போனபோது, பேனரைக் கட்டி முடித்து ஏணியை மடக்கிக்கொண்டிருந்தார் காஜா நவாஸ். இராமநாதபுரத்தில் பிளக்ஸ் அடிக்கிறவர், என் வாடிக்கைக்காரர்களுக்கெல்லாம் அவர்தான். என்னைக் கண்டதும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஏம்மேல வருத்தப்படாத மாரி. அந்தப் பிள்ளையும் அவங்க அப்பாவும் கடையிலயே உக்காந்து அடிக்க வச்சாங்க. உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

நிமிர்ந்து பார்த்தேன். இருபது அடி அகலம். மேலே "வினோத்குமார் – பானுப்பிரியா நிச்சயதார்த்த விழா, அனைவரும் வருக" என்று வழக்கமான எழுத்து, வழக்கமான ரோஜாப்பூ. நடுவில் அந்த நாலு படமும் வரிசையாக. அவள் கழுத்தில் எதையும் மறைக்கவில்லை, ஒரு புள்ளிகூட மழுப்பவில்லை. அவன் மூக்குச் சுளிப்பு மட்டும் ஒரு ஆள் உயரத்துக்கு இருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஐந்து வருஷத்துச் சிரிப்பு.

பேனருக்குக் கீழே அவள் அப்பா மருதுபாண்டி வெள்ளை வேட்டியில் நின்று, வருகிற ஒவ்வொருவரையும் கும்பிட்டு, "வாங்க, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்தது. ஒன்பது பெண்கள் ஒன்பது வரிசைத் தட்டோடு இறங்கினார்கள். பழம், பூ, பட்டு, தேங்காய். வாசலில் வந்து தலை நிமிர்ந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தட்டைத் தெருவில் இறக்கி வைக்கக் கூடாது. உள்ளேயும் போக முடியவில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்கள். பின்னால் வந்த பெரியவர் கண்ணாடியை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏலே வினோத்து, இது நீதானலே?" என்றார்.

அவன் பட்டு வேட்டியில் இறங்கினான். பார்த்தான். அவன் முகம் போன போக்கைப் பார்க்கத்தானே நான் ஐந்து வருஷம் காத்திருந்தேன்! "இது... இது கம்ப்யூட்டர்ல பண்ணுனது. ஏமாத்து வேல" என்று உளறினான். சுற்றி நின்ற ஐம்பது செல்போன் அவனையும் பேனரையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருந்தது.

பானுப்பிரியா உள்ளேயிருந்து வந்தாள். அரக்குப் பட்டு, கழுத்து இறங்கிய ரவிக்கை, துப்பட்டா கிடையாது, கழுத்தில் நகைகூடக் கிடையாது. படி இறங்கி அவன் முன்னால் நின்று, ஒரு புதுக் கைக்குட்டையை நீட்டினாள். "தட்டத் தொட்டுருப்பீங்க. எங்க வீட்டுக்கு வர்ற தட்டு. தொடச்சுக்கங்க" என்றாள்.

அவன் வாங்கவில்லை. வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். மருதுபாண்டி குரலை உயர்த்தி, "நிச்சயம் கெடையாது. சாப்பாடு இருக்கு. சொந்தக்காரவுக எல்லாரும் சாப்புட்டுத்தான் போகணும்" என்றார். மாப்பிள்ளை வீட்டில் வந்த ரெண்டு பேர் நிஜமாகவே பந்திக்குப் போனார்கள்.

எனக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. வீராவுக்கு அனுப்பலாம் என்று பேனரை எடுக்கப் பின்னால் நகர்ந்தேன். அப்போதுதான் அடியில் இருந்த வரி கண்ணில் பட்டது. படம் எடுத்தவர் பெயர் போடுகிற இடம். காஜா நவாஸ் வழக்கமாகச் சின்னதாகப் போடுவார். இதில் கொட்டை எழுத்தில் சிவப்பாக இருந்தது.

"இது எங்களுக்குத் தெரியாமல், பதியாது என்று வாக்குக் கொடுத்து எடுத்த படம். எடுத்தவர்: மாரிச்செல்வி, இராமநாதபுரம்." அதன் கீழே என் செல் நம்பர்.

ஐம்பது செல்போனிலும் அந்த வரியும் சேர்ந்துதான் போய்க்கொண்டிருந்தது. நான் வாசலில் நின்றிருக்கும்போதே, அடுத்த வாரம் எடுக்க வேண்டிய கீழக்கரை ஜோடியிடமிருந்து போன் வந்தது. நான் எடுக்கவில்லை.

பானுப்பிரியா என் பக்கத்தில் வந்து நின்றாள். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. என் கண்ணை நேராகப் பார்த்தாள். கையைத் தூக்கிக் கழுத்தை மறைக்கவில்லை.

"ஏம்மா என் பேர?" என்றேன். "அவன மாட்டிவிட்டதே நான்தான?"

"உங்க தங்கச்சிக்காக நீங்க செஞ்சீங்கக்கா" என்றாள். "இது எனக்காக நான் செஞ்சது."